15 பேர், 20 பேர் வைத்துச் செய்யும் எம்ஆர்ஐ ஆய்வு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டர்பனிலும் கேப் டவுனிலும் ஹானர்ஸ், மாஸ்டர்ஸ் படிக்கும் நம் பிள்ளைகளும், ஸ்கேன் அறையில் வேலை பார்க்கும் ரேடியோகிராஃபர்களும் ஒரே சந்தேகங்களைத்தான் சுற்றிச் சுற்றிக் கேட்கிறார்கள். ஸ்கேனர் நேரம் கிடைப்பது அரிது, அதற்கான பணம் அதைவிட அரிது. கையில் வந்து சேருவது ஒரு குழுவுக்கு 12 பேர், 15 பேர், மிஞ்சினால் 20 பேர். அந்த நிலையில் மூளை அமைப்பை எப்படி அலசுவது என்பதற்கான பக்கம் இது. கேள்விகள் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே இருக்கின்றன. முன்னால் சொன்னதைப் பின்னால் மறுபடி விளக்கவில்லை, ஆகவே வரிசையாகப் படியுங்கள்.

மூளை அமைப்புன்னா ஸ்கேன்ல எதைத்தான் அளக்கிறோம்?

மூளையின் அமைப்பைத் தெளிவாகக் காட்டும் டி1 வகை எம்ஆர்ஐ படம் ஒன்று போதும். மூன்று பக்கமும் 1 மில்லிமீட்டர் உள்ள கட்டங்களாக, அதாவது வாக்செல்களாக, தலை முழுவதும் பதிவாகும். அதிலிருந்து வழக்கமாக எடுப்பவை: ஒரு பகுதியின் கன அளவு, புறணியின், அதாவது மூளையின் வெளி அடுக்கின், தடிமன், புறணியின் பரப்பளவு, இல்லையென்றால் வாக்செல் வாக்செல்லாகச் சாம்பல் நிறப் பொருளின் அளவு.

புறணித் தடிமன் சராசரியாக 2.5 மில்லிமீட்டர்தான். இடத்துக்கு இடம் 1 முதல் 4.5 வரை மாறும். நினைவாற்றலுக்கு முக்கியமான ஹிப்போகாம்பஸ் என்ற பகுதி ஒரு பக்கத்துக்கு 3 முதல் 4 கன சென்டிமீட்டர். நீங்கள் தேடும் வேறுபாடு பெரும்பாலும் ஒரு வாக்செல்லைவிடச் சின்னது. இந்த ஒன்று மனதில் இருந்தால் கீழே வரும் எச்சரிக்கைகள் எதுவும் மிகையாகத் தோன்றாது.

எஸ்பிஎம், எஃப்எஸ்எல், ஃப்ரீசர்ஃபர், இதுல எது பெஸ்ட்?

மூன்றும் மூளைப் படங்களை அலசும் மென்பொருள்கள். தடிமன் வேண்டுமானால் ஃப்ரீசர்ஃபர். வாக்செல் வழி என்றால் எஸ்பிஎம் அல்லது எஃப்எஸ்எல். மூன்றிலும் ஓட்டிப் பார்த்து, விடை வந்த ஒன்றை மட்டும் எழுதுவது ஏமாற்று வேலை.

மென்பொருளைவிட அதன் பதிப்புதான் முக்கியம். ஒரே படத்தை ஃப்ரீசர்ஃபரின் வெவ்வேறு பதிப்புகளில் ஓட்டினால் கன அளவு சராசரியாக 8.8% வரை மாறியதை 2012-இல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. கணினியையும் ஆப்பரேட்டிங் சிஸ்டத்தையும் மாற்றினாலும் எண்கள் நகர்ந்தன. நோயாளிகளை வார்சிட்டி கணினியிலும் மற்றவர்களை வீட்டு லேப்டாப்பிலும் ஓட்டினால், நீங்கள் ஒப்பிடுவது இரண்டு கணினிகளை. எல்லோரையும் ஒரே பதிப்பில், ஒரே இயந்திரத்தில் ஓட்டுங்கள்.

15 பேஷண்ட், 15 கண்ட்ரோல் இருக்காங்க. போதுமா?

எதைத் தேடுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. இரு குழுச் சராசரிகளின் வேறுபாட்டைத் திட்ட விலக்கத்தால், அதாவது ஆட்களிடையே உள்ள சிதறலின் அளவால், வகுத்தால் வருவது விளைவளவு. உண்மையில் வேறுபாடே இல்லாதபோதும் இவ்வளவு வேறுபாடு தற்செயலாக வரும் வாய்ப்புதான் பி மதிப்பு. பி மதிப்புக்கு 0.05 எல்லை வைத்து, இரு சராசரிகளை ஒப்பிடும் இருபக்க டி சோதனையில், உண்மையான வேறுபாட்டைப் பிடிக்க 80% வாய்ப்பு வேண்டுமானால் விளைவளவு 0.8-க்கு ஒரு குழுவுக்கு 26 பேர் தேவை. 0.5-க்கு 64 பேர், 0.3-க்கு 175 பேர், 0.2-க்கு ஏறத்தாழ 394 பேர். உங்கள் 15 பேரால் நம்பகமாகப் பிடிக்க முடிவது 1.06 அளவுள்ள வேறுபாட்டை.

மூளையில் அவ்வளவு பெரிய வேறுபாடு உண்டா? பல நாட்டுத் தரவுகளைச் சேர்க்கும் எனிக்மா கூட்டமைப்பு 2016-இல் வெளியிட்ட முடிவுகளைப் பாருங்கள். ஸ்கிசோஃப்ரீனியாவில் ஹிப்போகாம்பஸ் வேறுபாடு 0.46, மனச்சோர்வில் வெறும் 0.14. முதலாவதற்கே ஒரு குழுவுக்கு 75 பேர் வேண்டும், இரண்டாவதற்கு 800 பேர். மூளைக் கன அளவு பற்றிய 461 ஆய்வுகளை 2013-இல் அலசியபோது, உண்மையான விளைவைப் பிடிக்க அவற்றுக்கு இருந்த வாய்ப்பின் இடைநிலை 8% என்று வந்தது.

ஆகவே "15 போதுமா" என்று சூப்பர்வைசர் கேட்டால், "1-க்கு மேற்பட்ட விளைவுக்குப் போதும், அதற்குக் கீழே போதாது" என்று எண்ணைச் சொல்லுங்கள். ஆய்வு முடிந்தபின் கிடைத்த விளைவளவை வைத்தே பவர் கணக்கு, அதாவது இந்தப் பிடிக்கும் வாய்ப்பின் கணக்கு, போடுவது வீண். அது பி மதிப்பையே வேறு உடையில் காட்டும்.

கம்மி ஆளுங்களை வெச்சே கிடைச்சிருக்குன்னா, விளைவு ரொம்ப பலமானதுன்னுதானே அர்த்தம்?

இல்லை, நேர்மாறு. ஒரு குழுவுக்கு 15 பேர் என்றால் பி 0.05-க்குக் கீழே வர, கையில் கிடைக்கும் விளைவளவு குறைந்தது 0.75 இருந்தாக வேண்டும். உண்மை 0.5 என்று வைத்துக்கொள்ளுங்கள். 100 முறை இதே ஆய்வைச் செய்தால் 26 முறைதான் தேறும், தேறிய ஒவ்வொரு முறையும் 0.75 அல்லது அதற்கு மேல் என்றே எழுதுவீர்கள். உண்மையைச் சரியாக எழுத வழியே இல்லை.

அடுத்தவர் உங்கள் 0.75-ஐ நம்பித் தன் ஆய்வுக்கு 29 பேர் போதும் என்று கணக்குப் போடுவார். அவருக்கு ஒன்றும் கிடைக்காது. "முடிவுகள் முரண்படுகின்றன" என்று எழுதப்படும் பல இடங்களில் முரண்பாடே கிடையாது, இந்தக் கணக்குதான்.

அப்போ சின்ன ஆய்வே பண்ணக் கூடாதா அண்ணா?

பண்ணலாம். ஆளைக் கூட்ட முடியாதபோது இரைச்சலைக் குறைக்க வேண்டும். வயது வரம்பைச் சுருக்குங்கள், ஒரே ஸ்கேனரில் எடுங்கள், நேரம் இருந்தால் ஒவ்வொருவருக்கும் டி1 படத்தை இரண்டு முறை எடுங்கள். ஒன்றில் தலை ஆடியிருந்தாலும் மற்றது கை கொடுக்கும்.

எல்லாவற்றையும்விடப் பலன் தருவது ஒரே ஆளை இரண்டு முறை அளப்பது. முதல் அளவுக்கும் இரண்டாம் அளவுக்கும் உள்ள ஒட்டுறவு (கோரிலேஷன்) 0.9 என்றால், மாற்றத்தின் திட்ட விலக்கம் பழையதில் 45% ஆகிவிடும். 0.3 விளைவளவுள்ள மாற்றத்தைப் பிடிக்க 20 பேர் போதும். சிகிச்சை பெற்றவர், பெறாதவர் என்று மாற்றத்தையே இரு குழுக்களில் ஒப்பிட்டால் ஒரு குழுவுக்கு 36 பேர். மேலே அதே 0.3-க்கு 175 கேட்டதை நினைத்துப் பாருங்கள். ஃப்ரீசர்ஃபரில் இதற்கெனத் தனி நீள்வரிசை வழி இருக்கிறது. இரண்டு வருகையையும் தனித்தனி ஆட்களைப் போல ஓட்டிக் கழித்தால் இந்த லாபத்தில் பெரும்பகுதி போய்விடும்.

மூன்றாவது வழி, கேள்வியைச் சுருக்குவது. அதற்குத்தான் அடுத்த பதில்.

68 பகுதியையும் மென்பொருளே கொடுக்குது. எல்லாத்தையும் பார்த்தா என்ன தப்பு?

ஃப்ரீசர்ஃபர் வழக்கமாகத் தரும் டெசிகன்-கிலியானி வரைபடத்தில் பக்கத்துக்கு 34, மொத்தம் 68 பகுதிகள். எந்தப் பகுதியிலும் வேறுபாடே இல்லாவிட்டாலும் 0.05 எல்லையில் சராசரியாக 3.4 பகுதிகள் "கிடைக்கும்". அவை ஒன்றையொன்று சாராதவை என்று கொண்டால், ஒன்றாவது பொய்யாகத் தேறும் வாய்ப்பு 97%. பாண்ஃபரோனி முறையில் 0.05-ஐ 68-ஆல் வகுத்து 0.00074 என்ற எல்லை வைக்கலாம். 15 பேரால் அதைத் தாண்டுவது மலை ஏறுவது.

நடுவழி, பெஞ்சமினி-ஹோக்பெர்க் முறை. பி மதிப்புகளைச் சிறியதிலிருந்து அடுக்குங்கள். முதலாவதற்கு எல்லை 0.00074, இரண்டாவதற்கு 0.00147, மூன்றாவதற்கு 0.0022 என்று படிப்படியாக ஏறும். பட்டியலின் கீழேயிருந்து மேலே வந்து, தன் எல்லைக்குள் முதலில் அடங்கும் மதிப்பைக் கண்டுபிடியுங்கள். அதுவும் பட்டியலில் அதற்கு மேலே உள்ள எல்லாமும் தேறும். நடுவில் ஒன்று தன் எல்லையைத் தாண்டியிருந்தாலும் பரவாயில்லை. பலர் மேலிருந்து இறங்கி முதல் தோல்வியிலேயே நிறுத்திவிடுகிறார்கள், அது தவறு.

எங்கள் யோசனை: ஸ்கேனைத் திறக்கும் முன்பே இரண்டு அல்லது மூன்று பகுதிகளை எழுதித் தேதி போட்டுச் சூப்பர்வைசருக்கு மின்னஞ்சலில் அனுப்பிவிடுங்கள். அவை மட்டும் சோதனை. மிச்சம் 65-ஐ இணைப்பு அட்டவணையில் விளைவளவோடு போடுங்கள், பி மதிப்பு வேண்டாம். பின்னால் தரவுகளைச் சேர்த்து அலசுபவருக்கு அந்த அட்டவணைதான் பொன்.

வாக்செல் வழியில பி 0.001 வெச்சா போதும்னு சொல்றாங்களே?

எல்லோர் படத்தையும் பொருத்திப் பார்க்கும் பொது மாதிரி மூளைக்கு எம்என்ஐ மாதிரி என்று பெயர். 2 மில்லிமீட்டர் அளவில் அதற்குள் ஏறத்தாழ 2,28,000 வாக்செல்கள். 0.001 வைத்தாலும் 228 பொய்யாகத் தேறும். அலசும் முன் படம் மழுக்கப்பட்டிருப்பதால் (இதுதான் ஸ்மூத்திங்) அவை சிதறி விழாமல் கும்பலாக, நிஜம் போலவே நிற்கும். "திருத்தம் செய்யாத 0.001" என்று எழுதிய அட்டவணையை நம்பாதீர்கள்.

கும்பலின் அளவை வைத்துத் திருத்துவதிலும் ஒரு கண்ணி உண்டு. அமைப்புப் படங்களில் மழுமழுப்பு இடத்துக்கு இடம் வேறுபடும். அதிகம் மழுங்கிய இடத்தில் பெரிய கும்பல் சும்மாவே உருவாகும். எஃப்எஸ்எல்-இன் ரேண்டமைஸ் கருவியில், கும்பலுக்கு முன்கூட்டி எல்லை வைக்காத டிஎஃப்சிஇ தேர்வோடு, ஆட்களைக் குழு மாற்றி மாற்றி அடுக்கிப் பார்க்கும் பெர்மியூட்டேஷன் ஓட்டுவது பாதுகாப்பு. 5,000 முறை ஓட்டினால் 0.05 என்ற விடையில் 0.006 அளவுக்கு முன்பின் இருக்கும். விடை 0.047 என்று வந்தால் 10,000, 20,000 என்று ஏற்றிப் பாருங்கள்.

குழு மிகச் சின்னது என்றால் பெர்மியூட்டேஷனுக்கும் கூரை உண்டு. 5 பேருக்கு 5 பேர் என்றால் மாற்றி அடுக்க 252 வழிதான். ஒருபக்கச் சோதனையில் மிகச் சிறிய பி மதிப்பே 0.004. மேலே சொன்ன 0.00074-ஐ எந்தக் காலத்திலும் எட்டாது.

ஸ்மூத்திங் எவ்வளவு வைக்கணும்?

வாக்செல் வழிக்கு 6 முதல் 8 மில்லிமீட்டர், புறணித் தடிமனுக்கு 10 முதல் 15. ஒன்றைத் தேர்ந்து முன்பே எழுதிவைக்கவும். எஸ்பிஎம் கேட்பது மழுக்கும் மணி வடிவ வளைவின் அரை உயர முழு அகலம், எஃப்எஸ்எல் கேட்பது அதே வளைவின் திட்ட விலக்கமான சிக்மா. சிக்மாவை 2.355-ஆல் பெருக்கினால்தான் அகலம். எஃப்எஸ்எல்-இல் 3 கொடுத்தால் 7 மில்லிமீட்டர் கிடைக்கும், 8 கொடுத்தால் 19 மில்லிமீட்டர் ஆகி ஹிப்போகாம்பஸும் பக்கத்து வீடும் ஒன்றாகக் கலந்துவிடும்.

தலை அளவைக் கணக்குல எடுக்கணுமா? வகுத்துட்டா போதாதா?

கன அளவுக்கு எடுக்கவே வேண்டும். ஆண்களின் மண்டையோட்டு உட்கன அளவு பெண்களைவிடச் சராசரியாக 10 சதவீதத்துக்கும் மேல் அதிகம். ஒரு குழுவில் 9 ஆண்கள், இன்னொன்றில் 5 ஆண்கள் என்றால் அந்த வேறுபாடே உங்கள் "கண்டுபிடிப்பு" ஆகிவிடும்.

வகுப்பதில் சிக்கல் இருக்கிறது. தலை 10% பெரிதானால் ஹிப்போகாம்பஸ் 10% பெரிதாவதில்லை, அதைவிடக் குறைவாகவே கூடும். ஆகவே வகுத்தால் பெரிய தலைக்காரர்களுக்கெல்லாம் ஹிப்போகாம்பஸ் "சிறுத்ததாக" வரும். அதற்குப் பதில் மொத்த உட்கன அளவைக் கோவேரியேட்டாக, அதாவது விளைவோடு சேர்த்துக் கணிக்கும் துணை மாறியாக, புள்ளியியல் கணக்கில் சேருங்கள். புறணித் தடிமனுக்குப் பொதுவாக இது தேவையில்லை, தலை அளவோடு அதற்குள்ள உறவு மெலிது.

ஃப்ரீசர்ஃபர் இந்த எண்ணை நேரே அளப்பதில்லை. தலையை மாதிரித் தலைக்கு எவ்வளவு நீட்டிச் சுருக்க வேண்டியிருந்தது என்பதிலிருந்து ஊகிக்கிறது. அந்தப் பொருத்தம் பிசகினால் எண்ணும் பிசகும். வளர்ந்தவர்களுக்கு 1,100 முதல் 1,900 மில்லிலிட்டருக்கு வெளியே வந்தால் படத்தைத் திறந்து பொருத்தத்தைப் பாருங்கள். 15 பேரில் ஒரு தலை தவறானாலே கோடு முழுவதும் சாயும்.

வயசு, ஆணா பெண்ணா, படிப்பு, பிபி, மருந்து எல்லாத்தையும் கோவேரியேட்டா போட்டுடலாமா?

24 பேர் என்றால் வயது, பாலினம், உட்கன அளவு, இதற்கு மேல் வேண்டாம். குழு, மாறிலியோடு சேர்த்து ஐந்தைக் கணிக்கிறீர்கள், சிதறலை அளக்க மிஞ்சுவது 19 டிகிரி ஆஃப் ஃப்ரீடம். எட்டு, ஒன்பது என்று ஏற்றினால் ஒருவரைச் சேர்த்து எடுப்பதிலேயே விடை தலைகீழாகும்.

நோயாளிகள் எல்லோரும் 50 வயதுக்காரர்கள், மற்றவர்கள் எல்லோரும் 22 வயது மாணவர்கள் என்றால் வயதைக் கோவேரியேட்டாகப் போட்டும் பயனில்லை. குழுவும் வயதும் ஒரே தகவலாகிவிட்டன. அதை ஆள் சேர்க்கும்போதே பார்த்திருக்க வேண்டும்.

ஆடின படத்தை எப்படி ஒதுக்கறது? ரெண்டு பேரை எடுத்துட்டா 13 ஆயிடுமே.

தலை ஆடினால் சாம்பல் நிறப் பொருள் குறைவாகவும் புறணி மெலிதாகவும் அளக்கப்படும். அதாவது ஆட்டம் நோய் போலவே தெரியும். குழந்தைகளும், நடுக்கமோ வலியோ உள்ளவர்களும் அதிகம் ஆடுவார்கள், அவர்கள் ஒரே குழுவில் இருப்பார்கள். 13 நல்ல படம், 2 கெட்ட படம் கலந்த 15-ஐவிட மேல்.

யார் எந்தக் குழு என்று தெரியாதவர் ஒருவர் எல்லாப் படங்களையும் பார்த்து மதிப்பெண் போடட்டும். கூடவே ஃப்ரீசர்ஃபரின் ஆய்லர் எண்ணை எடுங்கள், அது பூஜ்யத்துக்குக் கீழே ஆழமாகப் போகப் போக மேற்பரப்பில் ஓட்டைகள் அதிகம். ஒதுக்கும் விதியை முன்பே எழுதுங்கள், ஒதுக்காமலும் ஒருமுறை ஓட்டி இரண்டு விடையையும் கொடுங்கள். இடம் வலம் மாறியிருக்கிறதா என்பதையும் இதே சுற்றில் பாருங்கள். ஸ்கேனின்போது வலது நெற்றிப்பொட்டில் ஒரு வைட்டமின் ஈ மாத்திரையை ஒட்டினால் அது படத்தில் வெள்ளைப் புள்ளியாகத் தெரியும், பிறகு சந்தேகமே வராது.

லோட் ஷெடிங்ல பாதியில நின்னுடுச்சு. முதல்லேர்ந்து ஓட்டணுமா?

வேண்டாம். ஃப்ரீசர்ஃபரில் ஓர் ஆளுக்குப் பல மணி நேரம் பிடிக்கும் வேலை, மின்வெட்டில் நிற்பது சகஜம். அந்த ஆளின் ஸ்கிரிப்ட்ஸ் கோப்புறையில் "இஸ்ரன்னிங்" என்று தொடங்கும் கோப்பு மிஞ்சியிருக்கும். அதை அழித்துவிட்டு, ரீகான்-ஆல் கட்டளையை "மேக் ஆல்" தேர்வோடு கொடுத்தால் முடிந்த படிகளைத் தாண்டிப் போகும். மின்சாரம் போன நொடியில் எழுதப்பட்டுக்கொண்டிருந்த கோப்பு அரைகுறையாக இருக்கலாம், கடைசியாக உருவானதை அழித்துவிட்டுத் தொடங்குவது நல்லது.

ஆட்கள் 20-க்கு மேல் என்றால் கேப் டவுனில் உள்ள சிஹெச்பிசி என்ற உயர்திறன் கணினி மையத்தின் லெங்காவ் சூப்பர் கணினிக்குப் பேராசிரியர் மூலம் விண்ணப்பியுங்கள். ஆனால் பாதி இங்கே, பாதி அங்கே என்று வேண்டாம், இரண்டாவது பதிலில் சொன்ன காரணம்தான்.

டர்பன்ல 10 பேர், கேப் டவுன்ல 10 பேர் ஸ்கேன் பண்ணிச் சேர்க்கலாமா?

இரண்டு ஊரிலும் நோயாளிகளும் மற்றவர்களும் சம விகிதத்தில் இருந்தால் சேர்க்கலாம், ஊரை ஒரு கோவேரியேட்டாகப் போட வேண்டும். நோயாளிகள் டர்பன், மற்றவர்கள் கேப் டவுன் என்றால் எந்தப் புள்ளியியலும் காப்பாற்றாது. ஸ்கேனர்களுக்கு இடையிலான வேறுபாட்டைச் சமன்படுத்தும் காம்பேட் என்ற முறை நல்லதுதான், ஆனால் ஓர் இடத்துக்கு 5, 6 பேர் வைத்து அது கணிக்கும் திருத்தமே ஆட்டம் காணும். ஆய்வு நடுவில் ஸ்கேனர் மென்பொருளைப் புதுப்பித்தால் அதுவும் இரண்டாவது ஸ்கேனர்தான். தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இடது பக்கம் சிக்னிஃபிகன்ட், வலது பக்கம் இல்லை. இடது மூளையைத்தான் தாக்குதுன்னு எழுதலாமா?

எழுதக் கூடாது. இடதில் பி 0.04, வலதில் 0.09 என்றால் இரண்டுக்கும் நடுவே வேறுபாடு இருக்கிறதென்று யாரும் சோதிக்கவில்லை. ஒவ்வொருவருக்கும் இடதிலிருந்து வலதைக் கழித்து, அந்தக் கழித்த எண்ணை இரு குழுக்களிடையே ஒப்பிடுங்கள். பெரும்பாலும் ஒன்றும் வராது.

நினைவாற்றல் மார்க்கோட ஒட்டுறவு 0.5 வந்திருக்கு, 20 பேர். நல்லதுதானே?

20 பேருக்கு 0.44 தாண்டினால்தான் தேறும், ஆகவே தேறிவிட்டது. ஆனால் 95% நம்பிக்கை இடைவெளி 0.07-இலிருந்து 0.77 வரை. "கிட்டத்தட்ட ஒன்றுமில்லை" முதல் "மிகப் பலம்" வரை எதுவும் இருக்கலாம். இடைவெளியை எழுதுங்கள், புள்ளிப்படம் போடுங்கள், ஓரத்தில் ஒற்றையாக நிற்கும் ஆளை எடுத்தால் என்ன ஆகிறது என்று பாருங்கள்.

வாக்செல் வழியில் தேறிய கும்பலைப் பிடுங்கி, அதே ஆட்களில் அதே மார்க்கோடு ஒட்டுறவு போட்டிருந்தால் அந்த 0.5-ஐத் தூக்கிப் போடுங்கள். தேர்ந்தெடுத்ததே ஒட்டுறவைப் பார்த்துத்தான், பிறகு ஒட்டுறவு இருப்பதில் என்ன அதிசயம்?

எம்என்ஐ மாதிரி வெள்ளைக்காரங்க மூளைதானே? நம்ம ஆளுங்களுக்குப் பொருந்துமா?

நியாயமான கேள்வி. ஐதராபாத் ஐஐஐடி 2019-இல் 100 பேரை வைத்து இந்திய மூளை மாதிரி ஒன்றை வெளியிட்டது. மேலை நாட்டு மாதிரியைவிட அது நீள அகலத்திலும் கன அளவிலும் சின்னது. டர்பனில் நம்மவர் அதிகம் வாழும் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கத்தில் ஆள் சேர்த்தால் பொருத்தப் பிசகு இரு குழுக்களுக்கும் ஒரே மாதிரி இருக்கும்வரை ஒப்பீடு நிற்கும். ஒரு குழுவில் இந்திய வம்சாவளியினர் அதிகம், இன்னொன்றில் குறைவு என்றால்தான் ஆபத்து. எஸ்பிஎம்-இன் டார்ட்டெல் வழியில் உங்கள் ஆட்களிலிருந்தே மாதிரி கட்டலாம், இரு குழுவையும் சேர்த்துக் கட்டுங்கள்.

ஆஸ்பத்திரியில பழைய சிடி ஸ்கேன் நிறைய இருக்கு. அதை எடுத்துக்கலாமா?

சிடியின் கணக்கை 1956-இல் கேப் டவுன் க்ரூட்டே ஸ்கூர் மருத்துவமனையில் யோசிக்கத் தொடங்கிய ஆலன் கோர்மக் 1979-இல் நோபல் வாங்கினார், ஊர்ப்பெருமை உண்டு. ஆனாலும் சிடியில் சாம்பல் நிறப் பொருளும் வெண்பொருளும் சரியாகப் பிரியாது, தடிமன் அளக்க முடியாது. மூளை அறைகளின் அளவு பார்க்கலாம், அவ்வளவுதான். 5 மில்லிமீட்டர் தடிமனான பழைய எம்ஆர்ஐ துண்டுகள் என்றால் ஃப்ரீசர்ஃபரோடு வரும் சின்த்செக் என்ற கருவி கன அளவு தரும்.

எங்க ஆயாவோட ஹிப்போகாம்பஸ் 2.7ன்னு வந்திருக்கு. என் ஆய்வுல இருக்கிற 10 பேர் சராசரியோட ஒப்பிடலாமா?

அந்த 10 பேர் ஆயா வயதுக்காரர்களாக, அதே ஸ்கேனரில் எடுக்கப்பட்டவர்களாக இருந்தால் கணக்குப் போடலாம். அவர்கள் சராசரி 3.4, திட்ட விலக்கம் 0.35 என்று கொள்வோம். ஆயா சரியாக இரண்டு திட்ட விலக்கம் கீழே. சாதாரண அட்டவணை பி 0.046 என்று சொல்லும். ஆனால் அந்தச் சராசரியும் விலக்கமுமே 10 பேரிலிருந்து ஊகித்தவை. கிராஃபோர்ட்-ஹவல் முறையில் திட்ட விலக்கத்தை 11/10-இன் வர்க்கமூலத்தால் பெருக்கி, அதனால் வேறுபாட்டை வகுத்து, 9 டிகிரி ஆஃப் ஃப்ரீடமில் பாருங்கள்: 1.91, பி சுமார் 0.09. 10 பேர் குழுவில் ஒருவர் வித்தியாசமானவர் என்று சொல்ல 2.37 விலக்கம் வேண்டும்.

ஆயாவுக்கு மறதி இருக்கிறதா என்பதை இந்த எண் சொல்லாது. அதை நரம்பியல் மருத்துவரிடம் கேளுங்கள்.

தரவை எனிக்மா மாதிரி கூட்டமைப்புக்குக் கொடுக்கலாமா? போபியா சட்டம் தடுக்குமா?

கொடுப்பதற்கு முன்னேற்பாடு வேண்டும். 2021 ஜூலை 1 முதல் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தைப் பின்பற்றுவது கட்டாயம், உடல்நலத் தகவலுக்கு அதில் கூடுதல் காவல். டி1 படத்திலிருந்து ஒருவர் முகத்தையே முப்பரிமாணத்தில் வரைந்துவிட முடியும், ஆகவே பெயரை அழித்தால் மட்டும் அது அடையாளமற்ற படம் ஆகாது. முகப் பகுதியை நீக்கும் கருவியை எல்லோர் படத்திலும் ஒரே மாதிரி ஓட்டுங்கள், நெற்றி மடலோ கண்ணருகே உள்ள புறணியோ வெட்டுப்பட்டிருக்கிறதா என்று ஒவ்வொன்றையும் திறந்து பாருங்கள்.

பல கூட்டமைப்புகளுக்குப் படமே வேண்டாம், பகுதிவாரியான சராசரி, திட்ட விலக்கம், ஆள் எண்ணிக்கை கொண்ட அட்டவணை போதும். ஆனால் எதைக் கொடுப்பதானாலும் ஒப்புதல் படிவத்தில் "பிற ஆய்வாளர்களோடு, வெளிநாட்டிலும், பகிரப்படலாம்" என்ற வரி முதல் நாளே இருந்தால்தான் வேலை சுலபம். பிறகு ஒவ்வொரு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கும்போது பாதிப் பேர் ஊர் மாறியிருப்பார்கள்.